ரொட்டிக் கடை வாசலில் நின்ற தண்ணீர்

ரொட்டிக் கடைக்குள் போக முன்பெல்லாம் படி ஏற வேண்டும். பிறகு தெருவுக்கு ரோடு போட வந்தார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலைமேலேயே புதுத் தாரைக் கொட்டி, உருட்டிவிட்டுப் போனார்கள். சில வருஷம் கழித்து மறுபடியும் அதே வேலை. அதற்கப்புறமும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு படி ரோட்டுக்குள் போயிற்று. கடைசியில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் இறங்கத் தொடங்கினார்கள்.

"கிணத்துக்குள்ள இறங்கி ரொட்டி வாங்குற ஒரே ஊரு நம்ம ஊருதான்" என்பான் எதிர்வீட்டுத் தையல்காரன். அவனைத் தெருவில் ரேடியோ என்று சொல்வார்கள். மிஷினை மிதித்துக்கொண்டே காலையில் பேச ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை ஓயாது.

ஊரிலேயே தாழ்ந்த தெரு அது. மேட்டில் இருக்கிற தெருக்களெல்லாம் வீடும் சிமென்ட் தரையும் தாருமாக மூடிக் கிடந்தன. ஒரு சொட்டு மண்ணுக்குள் இறங்க இடம் கிடையாது. அங்கே பெய்கிற அத்தனை மழையும் சரிவில் உருண்டு இங்கே வந்து சேரும். சாக்கடை கொஞ்ச நேரத்திலேயே 'போதும்' என்று வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் பள்ளத்தைத் தேடும். தெருவுக்கே பள்ளம் ரொட்டிக் கடைதான்.

கடை ரொட்டியம்மாவுடையது. பின்னால் வீடு, முன்னால் கடை, நடுவில் சுவரோடு சேர்த்துக் கட்டிய பெரிய விறகு அடுப்பு. மாவு பிசைவதும் அடுப்பில் தள்ளுவதும் எடுப்பதும் மகன். மாவின் பதம், அடுப்பின் சூடு, கடைவாசலின் சுத்தம் ஆகிய மூன்றிலும் ரொட்டியம்மா வைத்ததுதான் சட்டம். மருமகள் இதில் எதிலும் சேர்த்தி இல்லை. அவள் நகரசபையில் ரோடு போடுகிற பிரிவில் இன்ஜினியர்.

"ஒரே வீட்டுல ஒருத்தி ரொட்டிக்காரம்மா, ஒருத்தி ரோட்டுக்காரம்மா. நடுவுல அவன் ஒருத்தன்தான் மாவு. ரெண்டு பக்கமும் பிசையுறாங்க" என்று ரேடியோ சொல்வான். சொல்லிவிட்டு, ரொட்டியம்மாவுக்குக் கேட்டதா என்று எட்டிப் பார்ப்பான்.

சண்டை என்று ஒன்றும் கிடையாது. அதற்குப் பேசிக்கொண்டிருக்க வேண்டுமே. "உன் பொண்டாட்டிக்கு ரொட்டி எடுத்து வெச்சிருக்கேன், சாப்பிடச் சொல்லு" என்பாள் ரொட்டியம்மா, மருமகள் பக்கத்திலேயே நிற்கும்போது. "நான் சாப்பிட்டுட்டேன்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க" என்பாள் மருமகள். மகன் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டு மாவுக்குத் திரும்புவான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷத்து முதல் பெருமழை, அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்போது வந்தது. விடிந்து வெயில் ஏறவேண்டிய நேரத்தில் வானம் கறுத்துப்போயிற்று. மகன் வாசலில் மணல் மூட்டையை அடுக்கினான். மருமகள் ஆபீஸுக்குப் போகக் கட்டிய சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு மாவு மூட்டைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றினாள். தண்ணீர் மணல் மூட்டைக்கு மேலேயும் வந்தது, கீழேயும் வந்தது. ரொட்டியம்மா அடுப்பைவிட்டு நகரவில்லை. துடைப்பத்தால் தண்ணீரை அடித்து அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அடுப்பின் சாம்பல் குழிக்குள் தண்ணீர் நுழைந்தது. உஸ்ஸென்று ஆவி கிளம்பி அறை முழுக்க வெள்ளையாயிற்று. அடுத்த கணம் 'டப்'பென்று ஒரு சத்தம். சூடேறிக் கிடந்த அடுப்புத்தளம் குறுக்கே வெடித்திருந்தது.

வெளியே மழை. உள்ளே பாதி வெந்த ரொட்டிகள் ஆவியில் ஊறிக்கொண்டிருந்தன.

மறுநாள் மகன் புதுச் செங்கல்லைக் குழைத்த களிமண்ணில் பதித்துக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"அம்மா, மேல மார்க்கெட் ரோட்டுல ஒரு கடை காலியா இருக்கு. பாத்துட்டு வந்துட்டேன். நல்ல கடை. மேடு."

"அங்க அடுப்பு இருக்கா?"

"கட்டிக்கலாம்."

"கட்டிக்கோ. கட்டி, நீயே ரொட்டி போடு. நான் இந்த அடுப்போட இருக்கேன்."

"இதோட இருந்து என்னம்மா பண்றது? வருஷா வருஷம் வெடிக்கும், வருஷா வருஷம் நான் பூசிட்டு இருக்கணுமா?"

"இதத் தூக்கி வண்டியில வெச்சுட்டுப் போக முடியும்னா சொல்லு, நான் முன்னாடி ஏறி உக்காந்துக்கிறேன்."

மகன் களிமண் கையோடு மனைவியைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லவேண்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அவள் சொன்னது வேறு.

"ஏங்க, எனக்கு அடுத்த மழைக்காலம் வரைக்கும் டைம் கொடுங்க. தெருவை மாத்துறேன்."

அது திடீரென்று வந்த யோசனை அல்ல. ஒரு வருஷமாக அவள் அதை ஆபீஸில் வரைந்துகொண்டிருந்தாள். மழைத் தண்ணீரை ஓடவிடாமல், விழுந்த இடத்திலேயே உள்ளே வாங்கிக்கொள்கிற தெரு. மேலே சிமென்ட் கற்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி, அதில் பொடி ஜல்லி. கீழே சின்ன ஜல்லி, அதற்கும் கீழே ஆள் இடுப்பு ஆழத்துக்குப் பெரிய ஜல்லி. பெய்கிற மழை இடுக்கு வழியாக இறங்கி, பெரிய ஜல்லியின் சந்துகளில் தேங்கி, மெதுவாக மண்ணுக்குள் போய்விடும். மண் குடிக்காத மிச்சத்தைக் கொண்டுபோக அடியில் ஒரு ஓட்டைக் குழாய்.

அவளுக்கு மேலே இருந்த பெரிய இன்ஜினியர் அந்தப் படங்களைப் பல தடவை பார்த்துப் பல தடவை திருப்பித் தந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதையாவது புதிதாகச் செய்துவிட்டு அதற்காகத் திட்டு வாங்கிய அனுபவம் அவருக்கு நிறைய.

"புதுசுன்னா எனக்குப் பயம்மா. திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவாங்க. அது கெட்டுப்போற அன்னைக்கு நான் மட்டும்தான் நிப்பேன்."

அந்த மழைக்கு அப்புறம் அவரே கூப்பிட்டார். "சரி. ஒரு தெரு. உன் தெருவையே எடுத்துக்கோ. கெட்டா முதல்ல உன் வீட்டுக்குள்ளதான் தண்ணி வரும், ஒழுங்கா செய்வ. நல்லா வந்தா மேட்டுத் தெருவுலயும் போடலாம்."

மேட்டுத் தெருவில் போட்டால்தான் இந்தத் தெருவுக்கு நிரந்தர விடிவு என்பது அவளுக்குத் தெரியும். அங்கிருந்து வருகிற தண்ணீரை அங்கேயே நிறுத்த வேண்டும். இங்கே போடுவது கூடிய மட்டும் தாங்கும், அவ்வளவுதான். அதை வீட்டில் சொல்லவில்லை. மகன் மார்க்கெட் கடைக்காரரிடம் அடுத்த மழைக்காலம் முடியட்டும் என்று சொல்லிவைத்தான்.

வெயில் காலத்தில் வேலை தொடங்கியது. முதலில் தாரைத் தோண்டினார்கள். பாளம் பாளமாக வந்தது. உடைத்த விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பழைய ரோடுகள் தெரிந்தன. அத்தனையும் போய் மண் தெரிந்தபோது, ரொட்டிக் கடையின் மூன்று படிகளும் தார் அப்பிய முகத்தோடு வெளியே வந்தன. ரொட்டியம்மா ஒரு தேங்காய் நாரை எடுத்துவந்து அவற்றைத் தேய்த்தாள்.

"அண்ணே, ரோட்டுக்குத் தாகம் எடுக்குமாம்ல?" என்றான் ரேடியோ, தோண்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம். "தண்ணியக் குடிச்சா சளி பிடிக்காதா?"

"நீ வேற. நானே மணல் இல்லாம கல்லு பதிக்கிறது எப்படின்னு குழம்பிட்டு இருக்கேன்" என்றார் மேஸ்திரி. அவருக்குக் கல் என்றால் மணல் மேல்தான். "ஏம்மா, மெத்தையில்லாம படுக்கச் சொன்னா கல்லு படுக்குமா? நாலு லாரி போனா எந்திரிச்சு உக்காந்துக்கும்."

"மணல் போட்டா இடுக்கெல்லாம் அடைச்சுக்கும் மேஸ்திரி. சின்ன ஜல்லிதான் மெத்தை. உருளையை நல்லா ஓட்டுங்க, படுக்கும்."

ஜல்லி லாரி வந்தபோது அவள் ஏறி ஒரு கை அள்ளித் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கை வெள்ளையாக இருந்தது. "இது கழுவாத ஜல்லி. தூசியோட போட்டா அடியிலேயே சேறாயிடும். திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றாள். டிரைவர் கத்தினான், மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். லாரி திரும்பிப் போயிற்று. அடுத்த நாள் கழுவிய ஜல்லி ஈரம் சொட்டச் சொட்ட வந்தது.

வீட்டு வாசலில் அனலில் நின்று வேலை வாங்குகிற மருமகளை ரொட்டியம்மா கடைக்குள்ளிருந்து பார்த்தாள். மத்தியானம் மகனிடம், "உன் பொண்டாட்டி தலையில ஒரு துணியாவது போட்டுக்கலாம்ல. சொல்லு" என்றாள். மகன் போய்ச் சொன்னான். மருமகள் துண்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

கல் பதித்து முடிந்த அன்று மருமகள் தெருக்காரர்களை ரேடியோவின் கடை முன்னால் கூட்டினாள். "இது மேல மணல் குவிக்கக் கூடாது. சிமென்ட் கலக்கக் கூடாது. மண்ணைக் கூட்டித் தள்ளக் கூடாது. இடுக்குதான் இதுக்கு மூக்கு. மூக்கை அடைச்சா மூச்சு முட்டிடும்." எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ரொட்டியம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள். புருஷன் சொல்லிக்கொள்வார் என்று மருமகள் நினைத்தாள். வீட்டு ஆளுக்கு அவளே சொல்லியிருப்பாள் என்று மகன் நினைத்தான்.

மறுநாள் காலை அடுப்பு வேலை முடிந்ததும் ரொட்டியம்மா வழக்கம்போல வாசலைக் கூட்டினாள். மாவுப் பலகையைச் சுரண்டினாள். பிசைகிற தொட்டியைக் கழுவினாள். அந்த வெள்ளைத் தண்ணீரை, எத்தனையோ வருஷமாகச் செய்கிற மாதிரி, தெருவில் வீசினாள். முன்பெல்லாம் அது தாரில் பரவி, சாக்கடைவரை நெளிந்து நெளிந்து போகும். இப்போது விழுந்த இடத்திலேயே காணாமல் போயிற்று. ரொட்டியம்மா குனிந்து பார்த்தாள். உள்ளே போய் இன்னொரு வாளி கொண்டுவந்து ஊற்றினாள். அதுவும் போயிற்று.

"ரேடியோ! இங்க பாருடா!" என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

"ஊத்துறேன், எங்க போகுதுன்னே தெரியல. கன்னுக்குட்டி மாதிரி குடிக்குது!"

வாளியில் இருப்பது வெறும் தண்ணீர் என்றுதான் ரேடியோவுக்குப் பட்டது. அன்றிலிருந்து ரொட்டியம்மாவுக்கு அது ஒரு குஷி. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வாளி ஊற்றிக் காட்டினாள். "எங்க வீட்டுப் பொண்ணு போட்டது" என்றாள். அந்த வார்த்தை மருமகள் காதுக்குப் போகவில்லை. அவள் ஆபீஸில் இருக்கிற நேரத்தில்தான் இந்தக் காட்சியெல்லாம் நடக்கும். அடுப்புச் சாம்பலையும் அங்கேயே கூட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்தாள் ரொட்டியம்மா. கொஞ்சம் சுணங்கியது, ஆனாலும் போயிற்று.

மழைக்காலம் வந்தது. முதல் மழை பெரிசும் இல்லை சிறிசும் இல்லை. தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுக்காமல் நடந்தார்கள். ரேடியோவின் வாசலில் விழுந்த தண்ணீர் கல்லை நனைத்ததோடு சரி. அவன் வெற்றுக்காலால் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பிறகு எதிரே பார்த்தான். தட்டிய கால் நின்றுவிட்டது.

ரொட்டிக் கடைக்கு முன்னால் மட்டும் குளமாக நின்றது.

தண்ணீர் கூடிக் கூடி முதல் படியைத் தொட்டது. இரண்டாவது படியையும் நனைத்தது. அதற்குமேல் மழை விட்டுவிட்டதால் கடைக்குள் வரவில்லை. நின்றது நின்றபடி மத்தியானம்வரை வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். "ஊருக்கெல்லாம் வடியுது, போட்டவ வாசல்ல நிக்குது" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு கடைக்குள்ளும் கேட்டது.

மகன் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து படியில் நின்றான். "மார்க்கெட் கடைக்காரர் நேத்துகூட கேட்டாரு" என்று மட்டும் சொன்னான்.

மருமகள் தெரு முழுக்கச் சோதித்தாள். ஒரு இரும்பு வளையத்தைக் கல்மேல் வைத்து, அடியைச் சுற்றிக் களிமண்ணால் அடைத்து, உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, வாட்ச்சைப் பார்ப்பாள். ரேடியோ வாசலில் வாட்ச்சைப் பார்க்கும் முன்பே வளையம் காலியாயிற்று. தெருமுனையிலும் அப்படியே. தன் வீட்டு வாசலில் ஊற்றிய தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது. கலையாமல் தெரிந்துகொண்டே இருந்தது.

சரிவு தப்பா? அடியில் குழாய் நசுங்கிவிட்டதா? இந்த இடத்தில் மட்டும் மண் களியா? மேஸ்திரியை வரவழைத்து ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுக்கச் சொன்னாள். கல் வந்தது. கீழே கையை விட்டாள். ஜல்லி காய்ந்து கிடந்தது, போட்ட அன்றைக்கு இருந்த மாதிரி. தண்ணீர் அங்கே வந்து சேரவே இல்லை.

எடுத்த கல்லின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. இடுக்கு ஜல்லியெல்லாம் அதில் சேர்ந்து ஒரே கட்டியாக இறுகியிருந்தது. நகத்தால் பெயர்த்தாள். ரொட்டியின் மேல்தோல் மாதிரி உடைந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். புளித்த வாசனை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சேலையிலும் தலையணையிலும் இருக்கிற வாசனை.

"என்னம்மா அது?" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணுமில்ல. கல்லை அப்படியே வெச்சுடுங்க."

உள்ளே போய்ப் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு மாவு மூட்டையில் உட்கார்ந்தான்.

"அம்மாகிட்ட நீ சொல்லாத. மனசு விட்டுடும். தினமும் ஊத்தி ஊத்தி வர்றவங்களுக்கெல்லாம் காட்டிட்டு இருந்தாங்க. நானே பக்குவமா சொல்றேன்."

"நாளைக்கு பெரிய இன்ஜினியர் வர்றாருங்க."

"சொல்றேன்னு சொல்றேன்ல."

அவன் சொல்லவில்லை. மாவு பிசையும்போது இரண்டு தடவை "அம்மா" என்றான். இரண்டு தடவையும் "என்னடா?" என்று அவள் கேட்க, "உப்பு போட்டாச்சா?" என்று கேட்டான்.

பெரிய இன்ஜினியர் வந்தபோது தெருவே கூடியிருந்தது. அவர் தெருவின் ஒரு முனையிலிருந்து நடந்து வந்தார், ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ரொட்டிக் கடை முன்னால் ஊற்றியதும் அந்த முகம் மாறிற்று. தண்ணீர் அசையாமல் நின்றது. அவரும் நின்றார்.

"இது என்ன?"

மருமகள் வாயைத் திறந்தாள். சுற்றிலும் ஆட்கள். கடைப்படியில் மாமியார் நின்றிருந்தாள், கக்கத்தில் இடுக்கிய துடைப்பத்தோடு. காரணத்தைச் சொன்னால் இந்தத் தெருவில் அவள் இனி எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? சொல்லாவிட்டால்...

"பாத்துட்டு இருக்கேன் சார்" என்றாள் மருமகள். "இந்த இடத்துல என் கணக்குல ஏதாவது..."

"இதுக்குத்தாம்மா நான் பயந்தேன். போட்டவங்க கண்ணு முன்னாடியே இப்படின்னா, மேட்டுத் தெருவுல யார் பாத்துப்பாங்க? இதை இதோட நிறுத்திக்கலாம். அங்க தாரே போட்டுடலாம்."

"ஐயா."

கூப்பிட்டது ரொட்டியம்மா. படியிறங்கி வந்தாள். மடியிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு சில்லு.

"அவ கணக்குல தப்பில்ல. இது நான் பண்ணது. நேத்து இவ கல்லை நெம்பி எடுத்து மோந்து பாத்தா, நானும் பின்னாடி நின்னு பாத்தேன். அவ உள்ள போனதும் நானும் ஒரு துண்டு எடுத்து மோந்தேன். என் மாவு எனக்குத் தெரியாதா? தினமும் மாவுத் தண்ணியும் சாம்பலும் இது வாயில ஊத்திட்டு இருந்திருக்கேன். அடுப்புல போடாமலே ரொட்டியாயிடுச்சு."



பெரிய இன்ஜினியர் அந்தச் சில்லை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, இது தெரிஞ்சுமா நீ கணக்கு தப்புன்னு சொன்ன?" என்று மருமகளிடம் கேட்டார்.

"என்னைக் காட்டிக் கொடுக்க வேணாம்னு பாத்திருக்கா. பைத்தியக்காரி" என்றாள் ரொட்டியம்மா. "ஐயா, ஒரு ரெண்டு நாள் கொடுங்க. அடைச்சது எடுக்கவும் வரும். எடுத்து ஊத்திக் காட்டுறோம். அப்பவும் நின்னா நீங்க தார் போட்டுக்கோங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். "நீங்க ஊத்திக் காட்ட வேணாம். அடுத்த மழை ஊத்தட்டும். அப்ப வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தது. ரொட்டியம்மா கடைக்குள் போகவில்லை. முதல் படியில் உட்கார்ந்து, மகனைத் தேடாமல், நேரே மருமகளைப் பார்த்துப் பேசினாள்.

"ஊர் பூரா கூப்பிட்டுச் சொன்னியாமே, மூக்கு அடைச்சா மூச்சு முட்டும்னு. ரேடியோ சொன்னான். என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர் சொல்லுவாருன்னு நெனச்சேன் அத்தை."

"அவன் என்ன தபால்காரனா?"

"நீங்கதானே அத்தை எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லி விடுவீங்க..."

"நீ மட்டும் என்னவாம்?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். "வாசல் உங்களோடது. அங்க இதைச் செய்யாதீங்க, அதைச் செய்யாதீங்கன்னு நான் எப்படிச் சொல்றது? பயமா இருந்துச்சு."

"அன்னைக்கு ஒரு லாரியையே திருப்பி அனுப்பின. அந்த டிரைவர் கத்துன கத்துக்கு நான் உள்ள நடுங்கிட்டேன், நீ அசையல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப் பயமா?"

"டிரைவர் கூட நான் குடும்பம் நடத்தப் போறதில்லயே அத்தை."

ரொட்டியம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "சரி, எந்திரி. இதை எப்படி எடுக்கிறது, சொல்லு. ரெண்டு நாள்னு வாய்விட்டுட்டேன்."

மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் வந்து வாசலில் கற்களை வரிசையாக நெம்பி எடுத்தார்கள். ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் சுரண்ட வேண்டியிருந்தது. உளி பட்டால் கல் மூலை உடைந்தது. ரொட்டியம்மா உள்ளே போய் மாவு வெட்டுகிற தகட்டை எடுத்துவந்தாள். "இது உங்க அப்பன் பாட்டன் ஆயுதமாம்மா?" என்று மேஸ்திரி கேலி செய்தார். "வேலையப் பாரு" என்று அவள் சொல்லிவிட்டுச் சுரண்டினாள். தகடு வழுக்கிக்கொண்டு போயிற்று. மருமகள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுச் சுரண்டிய கற்களைக் கழுவினாள். மகன் மத்தியான ரொட்டியை அடுப்பில் தள்ளிவிட்டு வந்து ஜல்லி கூடையைத் தூக்கினான். ரேடியோகூட மிஷினைவிட்டு இறங்கி வந்தான். வேலை செய்ததைவிடப் பேசினதுதான் அதிகம், ஆனாலும் கற்களை எடுத்துக் கொடுத்தான்.

இடுக்கில் போடப் புதுப் பொடி ஜல்லி வந்தபோது ரொட்டியம்மா ஒரு கை அள்ளி, உள்ளங்கையைப் பார்த்து, "வெள்ளையா இருக்கு, கழுவலையா?" என்று கேட்டாள். மேஸ்திரி மருமகளைப் பார்த்தார். மருமகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜல்லியை இரண்டு தண்ணீரில் கழுவினார்கள்.

கழுவுகிற தொட்டித் தண்ணீருக்குக் கொல்லையில் ஒரு தனிக் குழி தோண்டினான் மகன். சாம்பல் ஒரு தகர டின்னுக்குப் போயிற்று. காலையில் ரொட்டியம்மா வெறும் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து, குப்பையைத் தெருவில் தள்ளாமல் முறத்தில் அள்ளினாள். அப்படிச் செய்ய அவளுக்குக் கை பழக நாளாயிற்று. பாதியில் நின்று, யோசித்து, திரும்பவும் அள்ளுவாள்.

அடுத்த மழை சாயங்காலம் வந்தது. மேட்டுத் தெருக்களிலிருந்து ஓடி வந்த தண்ணீர் தெருமுனையில் நுழைந்தபோது செம்மண் நிறமாக இருந்தது. நுழைந்த வேகம் பாதித் தெருவுக்கு வருவதற்குள் அடங்கிவிட்டது. மழை வலுத்தது. கூரைகளிலிருந்து கொட்டியது. ரொட்டிக் கடை வாசலில் கற்களின்மேல் தண்ணீர் ஒரு கணம் மினுங்கும், அடுத்த கணம் இடுக்குக்குள் இறங்கும். அடியில் ஜல்லிக்குள் அது ஓடுகிற சத்தம் மெல்லக் கேட்டது. ரொட்டியம்மாவும் மருமகளும் ஒரே சாக்கைத் தலையில் பிடித்துக்கொண்டு படியில் நின்றிருந்தார்கள். கொஞ்ச நேரம் மழை அடித்த அடியில் தண்ணீர் முதல் படியின் அடியை நனைத்தது. மருமகள் குனிந்து பார்த்தாள். பிறகு படியின் அடியில் கல் தெரிந்தது.

பெரிய இன்ஜினியர் குடையோடு வந்தார். தெருவின் கடைசிவரை நடந்தார், திரும்பி வந்தார், ரொட்டிக் கடை முன்னால் நின்று தன் ஷூவைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு ரொட்டி கொடுங்கம்மா. சூடா இருக்கா?" என்றார்.

"சூடாத்தான் இருக்கு. உள்ள வாங்க. படி ஏறணும், பாத்து" என்றாள் ரொட்டியம்மா.

அவர் போன பிறகு மகன் கையிலிருந்த மாவை உருட்டிக்கொண்டே, "மார்க்கெட் கடைக்காரருக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடுறேன்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னான். இரண்டு பெண்களும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலம் முடிந்து, மேட்டுத் தெருவில் வேலைக்கு முன்னால் ஆட்களைக் கூட்டியபோது, மருமகள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனாள். மருமகள் படத்தை விரித்து ஜல்லி, குழாய், சரிவு எல்லாம் சொன்னாள். கூட்டம் கேட்டது, ஆனால் கண்ணில் தூக்கம் இருந்தது. பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள், "எங்க வீட்டுல சுவர் வெள்ளையடிக்கிறோம். சுண்ணாம்பு வாளியை வாசல்ல கழுவி ஊத்தலாமா?"

மருமகள் பதில் சொல்வதற்குள் ரொட்டியம்மா எழுந்துவிட்டாள்.

"ஊத்துவ. முதல் நாள் சர்ருனு குடிக்கும். உனக்கு ஆசையா இருக்கும், அக்கம்பக்கத்துல கூப்பிட்டுக் காட்டுவ. அப்புறம் ஒரு நாள் மழை வரும், உன் வாசல்ல மட்டும் நிக்கும். ஊரே சிரிக்கும். கொல்லையில ஒரு குழி வெட்டிக்கோ தாயி."

கேட்டவளுக்குப் பக்கத்திலிருந்தவள் கேட்டாள், "நீங்க யாரும்மா? நீங்களும் இன்ஜினியரா?"

"இன்ஜினியர் அவ. என் மருமக" என்றாள் ரொட்டியம்மா. "நான் அடைச்சவ."

கூட்டம் சிரித்தது. தூக்கமெல்லாம் கலைந்துபோயிற்று. நாலைந்து பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மருமகள் படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, மாமியாருக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.